மாமா கடைக் காசு

அன்றைக்கும் வழக்கம்போல ஏழாம் அடுக்கின் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. வடிவு இடுப்பில் தொங்கிய அரத்தை எடுத்து, குழாயின் நசுங்கிய வாயை நாலு இழுப்பு ராவினாள். மஞ்சள் தூள் கிளம்பி முகமெல்லாம் ஒட்டியது. "எளவு தங்கம்," என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். பிறகு தூளைக் கூட்டி அள்ளிக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினாள்.

பொன்மேட்டில் குழாய் தங்கம். கழிப்பறைக் குவளை தங்கம். குப்பைத் தொட்டி, செருப்பு வைக்கும் தட்டு, பூனைக்குச் சோறு வைக்கும் கிண்ணம், எல்லாம் தங்கம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிற ஒரு சிறுகோளின் வயிற்றைக் குடைந்து கட்டிய ஊர் அது. தோண்டினால் இரும்பும் நிக்கலும் வரும். அவற்றைப் பூமிக்காரர்கள் ஒப்பந்தம் போட்டு வாரிக்கொண்டு போய்விடுவார்கள். கூடவே வருகிற தங்கத்தை மட்டும் தொடமாட்டார்கள். அதைக் கொண்டுபோய் அங்கே இறக்கினால் விலை விழுந்துவிடுமாம். ஆகவே தங்கத்தைப் பூமிக்குள் கொண்டுவரத் தடை போட்டு, அந்தக் குப்பையை இவர்கள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். தங்கத்தில் குழாய் செய்தால் கை அழுத்தத்துக்கே வளைகிறது. ஒரு நல்ல பிளாஸ்டிக் குழாய் கிடைத்தால் வடிவு கும்பிட்டு வாங்கிக்கொள்வாள்.

ஆனால் பிளாஸ்டிக் யாருக்குக் கிடைக்கிறது? வடிவின் கல்யாணத்துக்கு அவள் அப்பா எங்கெங்கோ அலைந்து ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் சீராகக் கொடுத்தார். அந்தக் குடத்தை ஏழு அடுக்குகளும் சுற்றி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். கணவன் சுரங்க விபத்தில் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. குடம் மட்டும் இன்னும் வீட்டில் துணி போட்டு மூடி இருக்கிறது.

பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை பூமியிலிருந்து பயணிக் கப்பல் வரும். திரும்பும்போது பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகும். அதில் ஏற 'மண்வழிச் சான்று' வேண்டும். அதாவது, நம் முன்னோர் பூமியிலிருந்து வந்தவர்கள் என்று நாம் நிரூபிக்க வேண்டும். பின்னே கல்லிலிருந்தா முளைத்தோம் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? கேட்டார்கள். "சான்று?" என்று பதில் வந்தது. குடியேற்றப் பதிவகம் ஒரு சூரியப் புயலில் கருகிப்போயிற்று. பூமியில் இருக்கும் நகல் எங்கே என்று கேட்டால், "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று அறுபது ஆண்டுகளாக ஒரே பதில். கடைசியில் பூமிக்காரர்கள் பெரிய மனது பண்ணி ஒரு விதி வகுத்தார்கள். முன்னோர் பூமியிலிருந்து கையோடு கொண்டுவந்த பொருள் ஒன்றைக் காட்டினால் போதும். ஒரு பொருளுக்கு ஓர் ஆள். போலியைக் கொண்டுவந்து நீட்டினால் அந்தக் குடும்பத்துக்கு எந்தக் காலத்திலும், எந்தக் கப்பலிலும் இடமில்லை.

சரி, முன்னோர் என்ன கொண்டுவந்தார்கள்? ஆளுக்கு நூறு கிராம் சொந்தப் பொருள் கொண்டுபோகலாம் என்று அன்றைக்கு அனுமதி தந்திருந்தார்கள். வெள்ளைக்காரன் ஒருவன் வாய் ஆர்கன் கொண்டுவந்தானாம். யாரோ ஒரு சீனத்துப் பெண் துளசி மாதிரி ஏதோ விதை கொண்டுவந்தாளாம். நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு தங்க மலைக்குக் குடியேறப் போகிறோம் என்று தெரிந்தே, இடுப்பில் தங்கக் காசு முடிந்துகொண்டு வந்தார்கள். அவசரத்துக்கு ஆகுமே என்று. இதை நினைக்கும்போதெல்லாம் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

வடிவின் முப்பாட்டன் உச்சிமாகாளியும் ஒரு காசு கொண்டுவந்தார். ராஜா தலை போட்ட பழைய பவுன் காசு. ஒரு சின்னத் தகர டப்பாவில் இருந்தது. மூடியின் உட்புறம் ஒரு காகிதம் மடித்து ஒட்டியிருந்தது. வெளியே தெரிந்த மடிப்பில் 'பத்தரை மாற்று' என்று எழுதியிருந்தது. கலப்படமே இல்லாத உயர்ந்த தங்கம் என்று பழைய ஆட்கள் சொன்ன சொல் அது. காகிதம் கிழிந்துவிடும் என்று மடிப்பை யாரும் பிரித்ததில்லை. காசையும் யாரும் சோதித்ததில்லை.

வடிவின் மூத்த மகள் முத்தரசிக்குப் பத்தொன்பது வயது. பூமியில் மழையைப் பற்றிப் படிக்கும் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு சொட்டு மழையைக் கண்ணால் பார்க்காத பெண், மழை எப்போது வரும் என்று கணக்குப் போட்டு அனுப்பி அவர்களை அசரடித்திருந்தாள். இருபது வயதுக்குள் போனால்தான் பூமியின் எடையை எலும்பு தாங்கும். அதற்குப் பிறகு போனால் இறங்கிய இடத்திலேயே நொறுங்க வேண்டியதுதான். இந்தக் கப்பலை விட்டால் அவளுக்கு அடுத்த கப்பல் கிடையாது.

ஊரில் 'பழங்காசு மன்றம்' என்று ஒன்று இருந்தது. தலைவர் ஆவுடையப்பன், வடிவின் கணவனுக்கு ஒன்றுவிட்ட தாய்மாமன். கண்ணாடிப் பெட்டியில் அறுபத்து நாலு பவுன் காசுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். மன்றம் முத்திரை போட்ட காசு என்றால் ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. கப்பலில் இருந்த பன்னிரண்டு இடத்துக்கும் மன்றத்து ஆட்களே பெயர் கொடுத்திருந்தார்கள். வடிவு தன் டப்பாவை எடுத்துக்கொண்டு முத்திரைக்குப் போனாள்.

"என்னளா இது, இம்புட்டு அழுக்கா இருக்கு? ராசா மூக்கே தேஞ்சுபோச்சு," என்றார் ஆவுடையப்பன், காசை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு.

"இங்க வந்தே நூத்தி நாப்பது வருசம் ஆச்சு மாமா. தேயாம இருக்குமா?"

"நம்ம காசப் பாரு. நேத்து அடிச்ச மாதிரி இருக்குல்லா?"

நேற்று அடித்த மாதிரிதான் இருந்தது. அறுபத்து நாலு ராஜாக்களுக்கும் மூக்கு ஒரே கூர்மை.

"ஒண்ணு செய்யி," என்றார் அவர், குரலைத் தழைத்து. "இந்த அழுக்குக் காச எங்கிட்ட விட்டுரு. மன்றத்துக் காசு ஒண்ணுல முத்திரை போட்டு ஒனக்குத் தாரேன். முத்தரசி சோலி முடிஞ்சுது."

"எங்க முப்பாட்டன் இடுப்புல முடிஞ்சு கொண்டாந்தத ஒங்களுக்குக் குடுத்துட்டு, நேத்து அடிச்சத நான் வாங்கிட்டுப் போகணுமாக்கும்?"

ஆவுடையப்பனின் முகம் மாறியது. "அப்போ முத்திரை கெடையாது. கண்ட போலிக்கும் முத்திரை குத்துனா மன்றத்துக்கு என்ன மரியாதை?"

"போலின்னு சொல்லாதீக."

"அரம் இடுப்புலதான தொங்குது? ஒரு இழுப்பு ராவிப் பாரேன், தெரிஞ்சுட்டுப் போவுது."

"பெரியவுக காச அரத்தால ராவணுமா? நீங்க ஒங்க காச ராவிப் பாத்தீகளா மாமா?"

அவர் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். வடிவு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வழி நெடுக அவளுக்கு ஆற்றாமை. ஊருக்கெல்லாம் குழாய் அடைப்பு எடுக்கிறவள், தன் வீட்டுக் காசுக்கு இவனிடம் போய் நற்சான்று கேட்டு நிற்க வேண்டியிருக்கிறதே! முத்திரை இல்லாமலே, சான்றைச் சோதிக்கக் கப்பலில் வந்திருக்கும் ஆய்வாளரிடம் நேரே போவது என்று முடிவு செய்தாள்.

கப்பலில் வந்த மெய்யாய்வாளரின் பெயர் மெட்டில்டா. தூத்துக்குடிப் பக்கம். ஐம்பது வயது இருக்கும். பூமிக்காரி ஆகையால் எழுந்து நின்றால் கூரையில் போய் முட்டிக்கொண்டார். அதனால் அவரை நாற்காலியோடு பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். அவர் முன்னால் மேசைமேல் 'மெய்காணி' இருந்தது. பொருளைத் தட்டில் வைத்தால் அதனுள் எந்தெந்த உலோகம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் பொறி அது. மூடிய காகிதத்தை மடிப்புப் பிரிக்காமலே படித்தும் காட்டும். அரங்கத்தில் ஊரே கூடியிருந்தது.

முதலில் மன்றம். ஆவுடையப்பன் பட்டு வேட்டியில், பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மெய்காணி ஒவ்வொரு காசாக வாங்கி ஒரே குரலில் சொன்னது: "தங்கம். நூற்றுக்கு நூறு." பன்னிரண்டாவது காசுக்கும் அதையே சொன்னபோது மன்றத்து ஆட்கள் கை தட்டினார்கள்.

மெட்டில்டா கை தட்டவில்லை. "செம்பு எங்க?" என்று கேட்டார்.

"என்னம்மா?"

"பவுன் காசுன்னா பன்னண்டுல ஒரு பங்கு செம்பு கலந்துதான் அடிப்பாங்க. வெறும் தங்கம் மெத்துனு இருக்கும், சட்டைப் பையிலயே தேஞ்சுரும். இதுல செம்பு எங்க?"

பொன்மேட்டில் செம்பு கம்பிக்கும் காற்று விசிறிக்குமே பற்றாது. ரேஷனில் எழுதி வாங்க வேண்டும். பின்வரிசையில் யாரோ, "செம்பு விக்கிற விலைக்கு அதை யாரு போடுவா," என்று முணுமுணுத்தார்கள். அவ்வளவுதான் விஷயம். இந்த மன்றத்துப் பெரிய மனிதர்கள் பழங்காசு அடித்திருக்கிறார்கள். அதிலும் செம்பை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். திருடுவதில்கூட ஒரு நேர்மை வேண்டாமா? முழுத் தங்கத்தைப் போட்டு ஊரை ஏமாற்றியிருக்கிறார்கள். இத்தனை வருடம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஊரே கைகட்டி நின்றது.

பெட்டியில் மீதி இருந்தவையும் அப்படியே; பறிமுதலான அறுபத்து நாலு காசுக்கும் 'போலி' என்று பதிவாயிற்று. பெயர் கொடுத்திருந்த பன்னிரண்டு குடும்பங்களுக்கும் இனிக் கப்பல் இல்லை. ஆவுடையப்பன் காலிப் பெட்டியோடு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

"அடுத்தது," என்றார் மெட்டில்டா. வடிவு முத்தரசியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து டப்பாவைத் திறந்தாள். மெய்காணி முதலில் மூடியில் தெரிந்த இரண்டு சொற்களைப் படித்தது. "பத்தரை மாற்று. பொருள்: இந்தக் காசு பத்தரை முறை மாற்றி வைக்கப்பட்டது."

சிரிப்பு எழுந்தது. "மாத்துன்னா தங்கத்தோட தரம். மாத்தி வக்கிறது இல்ல," என்றாள் வடிவு எரிச்சலோடு. மெட்டில்டா தலையசைத்துவிட்டுக் காசைத் தட்டில் வைத்தார். பொறி வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

"பித்தளை," என்றது. "மேற்பரப்பில் மட்டும் தங்க முலாம்."

இந்த முறை சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. உரக்கச் சிரித்தவர் ஆவுடையப்பன். வடிவு தட்டில் கிடந்த காசையே பார்த்தாள். நூற்று நாற்பது வருடம். நாலு தலைமுறை. விளக்கேற்றும் இடத்தில் வைத்துக் கும்பிட்ட காசு. இந்த ஊரில் தெருநாய்க்குக்கூடத் தங்கச் சங்கிலி போடுகிறார்கள், இவள் வீட்டில் இருந்த ஒரே காசு பித்தளை. யாரோ ஒருவன், எந்தக் காலத்திலோ பூமியில் உட்கார்ந்துகொண்டு, கூசாமல் உச்சிமாகாளிக்குப் பட்டை நாமம் போட்டிருக்கிறான். அவன் செத்து மண்ணாகிப் போனான். அவன் போட்ட நாமம் இத்தனை கோடி மைல் கடந்துவந்து இவள் பெண்ணின் காலை வாருகிறது.

"எவன் அவன்?" என்றாள் வடிவு. "அவன் கையில புத்து வைக்க. எம்புள்ள பத்தொன்பது வருசமா மழை மழைன்னு கெடந்தாளே."

"எம்மா, விடும்மா. போவோம்," என்றாள் முத்தரசி. அவள் கண் நிறைந்திருந்தது.

மெட்டில்டா இன்னும் பதிவு செய்யவில்லை. காசைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க பித்தளை கெடைக்குமா?" என்று கேட்டார்.

"பித்தளையா? அதுக்குச் செம்பும் துத்தநாகமும் வேணும்லா. எங்க கெடைக்கும்?"

"தங்கம்?"

"குப்பையில கெடக்கு."

"அப்போ இந்த ஊர்ல ஒருத்தன் போலிக் காசு அடிச்சா எதுல அடிப்பான்?"

வடிவு ஆவுடையப்பனின் காலிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"பித்தளைய உள்ள வச்சு, மேல தங்கத்தப் பூசி, தங்கம்னு சொல்லி விக்கணும்னா, தங்கம் ஒசத்தியா இருக்கிற ஊரு வேணும்," என்றார் மெட்டில்டா. "அது எங்க ஊருதான்." மூடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பொறியின் ஒளிக்குக் காட்டினார். மடிப்புக்குள் இருந்த எழுத்து வரிவரியாகத் திரையில் வந்தது. அவரே சத்தமாகப் படித்தார்.

"'இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷத்துக் காசு என்று சொல்லி மாமா தன் கடையில் எடுத்துக் கொடுத்தார். பழைய காசு என்பதால் விலை கூடுதல். கையில் வாங்கும்போது கொஞ்சம் லேசாக இருக்கிறதே என்று எனக்கே தோன்றியது. பக்கத்துக் கடையில் உரசிப் பார்த்துவிடலாம் என்றாள் செல்லம்மா. மாமா காதுக்குப் போனால் என்ன நினைப்பார்? சொந்தத்துக்குள் எப்படிக் கேட்பது? பத்தரை மாற்று என்று வெளியே அவர் கையாலேயே எழுதியும் கொடுத்துவிட்டார். உச்சிமாகாளி.'"

மெட்டில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று யாருக்கும் விளங்கவில்லை. "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு," என்றார். "சித்தப்பா கடையில வாங்குனது. நாங்களும் கேக்கல."

பிறகு பொறியைப் பார்த்துச் சொன்னார்: "எழுது. காசு போலி. போலி மெய்யானது. பூமியில, பூமிக்காரன் ஒருத்தன், சொந்த மருமகன ஏமாத்தினது. விதியில பூமிப் பொருள்னுதான் இருக்கு. தங்கம்னு இல்ல. முத்தரசிக்கு ஓர் இடம்." காசையும் டப்பாவையும் சான்றுப் பொருளாக எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அது விதி.

கப்பல் புறப்பட ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் வடிவு மகளுக்குத் துணி மடித்துக்கொண்டே முப்பாட்டனைத் திட்டினாள். இடம் கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம், ஏமாந்த ஆத்திரம் ஒரு பக்கம். "லேசா இருக்குன்னு தெரியுது. பொஞ்சாதி சொல்லுதா. ஒரு வார்த்தை கேட்டா வாயிலருந்து முத்தா உதிந்துரும்? என்ன மனுசன்டி இவரு? நானா இருந்தா அந்த மாமா கண்ணு முன்னாலயே ராவிப் பாத்துருப்பேன்."

"நீ செஞ்சுருப்பேம்மா," என்றாள் முத்தரசி சிரித்துக்கொண்டே. கப்பல் வாசலில் தாயும் மகளும் வெகுநேரம் கட்டிப்பிடித்து நின்றார்கள். "மொத மழை பேஞ்சதும் அந்தச் சத்தத்த அனுப்புட்டி," என்றாள் வடிவு. கதவு மூடிற்று.

வீட்டில் இனிச் சின்னவள் பவளக்கொடி மட்டும்தான். எட்டு வயது. அடுத்த கப்பல் வரும்போது அவளுக்கும் பத்தொன்பது ஆகியிருக்கும். ஆனால் காட்டுவதற்குக் காசு இல்லை. இதை நினைத்து வடிவு தூக்கம் கெட்டுப்போயிருந்த நாளில், கப்பல் போய் மூன்று மாதம் கழித்து, ஆவுடையப்பன் வீடு தேடி வந்தார். கையில் ஒரு பழைய தகர டப்பா.

"அன்னைக்குச் சிரிச்சுட்டேன். மனசுல வச்சுக்காத," என்றார், கொடுத்த தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு. "எங்க குடும்பத்துக்குத்தான் கதவ அடைச்சுட்டாக. ஒனக்காச்சும் ஒதவட்டுமேன்னு வந்தேன். எங்க அம்ம வழியில வந்த காசு இது. பித்தளை. சுத்தமான பூமிப் பித்தளை. கூட ஒரு கடுதாசியும் இருக்கு."

காசு அழுக்காக இருந்தது. ராஜாவின் மூக்கு தேய்ந்திருந்தது. ஓரத்தில் முலாம் உரிந்து பித்தளை தெரிந்தது. பழுப்பேறிய கடிதத்தில், மாமா கடையில் வாங்கியதாகவும் உரசிப் பார்க்கக் கூச்சமாக இருந்ததாகவும் எழுதியிருந்தது. எழுத்துகூட உச்சிமாகாளியின் எழுத்து மாதிரியே சாய்ந்திருந்தது.

"என்ன மாமா எதிர்பாக்குதீக?"

"சொந்தத்துக்குள்ள என்னளா எதிர்பார்ப்பு? ஏதோ, எம்பேத்திக்குக் கல்யாணம் வருது. அந்தப் பச்சைக் கொடம் சும்மாதான கெடக்கு."

வடிவு காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பொன்மேட்டில் எதற்கும் சொல்லும்படி எடை கிடையாது. ஆனால் கையை ஆட்டிப் பார்த்தபோது, முப்பாட்டன் காசைவிட இது கொஞ்சம் திண்ணென்று இருப்பதாகத் தோன்றியது. அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. விரல்கள் அரத்தைத் தொட்டன. ஒரே ஒரு இழுப்பு போதும்.

ஆவுடையப்பன் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். பெரிய மனுஷன், சண்டையை மறந்து வீடு தேடி வந்திருக்கிறார். அவர் கண்ணெதிரே அரத்தை எடுத்தால் என்ன நினைப்பார்? வடிவு கையை எடுத்துவிட்டாள். உள்ளே போய்க் குடத்தைத் துணியோடு தூக்கிக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தாள். பவளக்கொடியைக் கூப்பிட்டு, தாத்தாவுக்குக் கும்பிடு போடச் சொன்னாள்.

டப்பா பழைய இடத்திலேயே, விளக்குக்குப் பக்கத்தில் ஏறியது. பதினோரு வருடம் அது அங்கேயேதான் இருக்கப் போகிறது. மேலே ஒரு மெல்லிய முலாம். அதன் அடியில், ஆவுடையப்பன் ரேஷன் செம்போடு எங்கிருந்தோ துளித் துத்தநாகமும் சுரண்டிச் சேர்த்துப் பூசிய நகக்கனம்கூட இல்லாத பித்தளைத் தோல். அதற்கும் உள்ளே, சொல்லவே வயிறு எரிகிறது, முழுக்க முழுக்கப் பத்தரை மாற்றுத் தங்கம்.